ஏழு வாசல் மண்டபம்

இலுப்பை வனத்தில் யானைகள் அரசாண்டு வந்தன. ஒரு கோடையில் அந்த வனத்து அரசன் ஆற்றுச் சேற்றில் சிக்கி இறந்துபோனான். அவனுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவனுடைய தம்பி கூர்க்கொம்பன் அரசனானான்.

இறந்துபோன அரசனின் மனைவி பெயர் மாதங்கி. கணவன் இருந்தவரை சபையில் அவன் பக்கத்தில் நின்றவள். மான்களுக்கும் காட்டெருமைகளுக்கும் மேய்ச்சல் தகராறு வந்தால், இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு வழி சொல்வாள். கூர்க்கொம்பனுக்கு அது எப்போதுமே பிடித்ததில்லை. அரசனான மறுவாரமே சபையை மலைமேல் இருந்த ஒரு மொட்டைப் பாறைக்கு மாற்றினான். மாதங்கிக்கு அழைப்பு அனுப்பவில்லை.

அவளே வந்து கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணி, உங்களுக்கு எதற்கு இனி இந்தத் தொல்லை? ராஜ்ய காரியங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சாமி கும்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருங்கள்!"

மாதங்கி காதுகளை ஒருமுறை விசிறினாள்.

"சரி தம்பி. மழையம்மன் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறாள். அவளுக்கு ஒரு மண்டபம் கட்டிக்கொள்கிறேன். பக்கத்திலேயே ஒரு குளமும் வெட்டுகிறேன். உத்தரவு கொடுங்கள்."

"ஒரு மண்டபம் என்ன, ஒன்பது கட்டுங்கள்!" என்றான் கூர்க்கொம்பன்.

மழையம்மன் என்பது ஒரு கறுப்புக் கல். வனத்தின் நடுவில், எல்லாப் பாதைகளும் வந்து கூடும் இடத்தில், பெரிய இலுப்பை மரத்தடியில் இருந்தது. அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு பூவோ இலையோ போட்டுவிட்டுப் போவார்கள். அதற்குமேல் யாரும் அங்கே நின்றதில்லை.

மாதங்கி போன பிறகு கூர்க்கொம்பனின் மனம் அரித்தது. "மண்டபம் கட்டுகிறாளாமே! எதற்கு?" என்று யோசித்தான். உடனே செங்கண்ணியைக் கூப்பிட்டான்.

செங்கண்ணி ஒரு செம்போத்து. நெருப்பு நிறச் சிறகு, குன்றிமணி போல் சிவந்த கண். மற்ற பறவைகள் மாதிரி உயரப் பறக்க மாட்டாள். புதருக்குள் நடந்து நடந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள். அரசனின் மூங்கில் தோப்பில்தான் அவளுடைய கூடு. யானைகள் நடமாடும் இடம் என்பதால் பாம்புகள் அந்தப் பக்கம் வருவதில்லை. அந்தப் பாதுகாப்புக்குப் பதிலாக, வனத்தில் பார்த்ததையும் கேட்டதையும் அரசனிடம் வந்து சொல்வாள். ஆனால் யாரும் கேட்காவிட்டாலும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். ஓர் இலை சுருண்டிருந்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

"போய்ப் பார். அண்ணி அங்கே எதை ஒளித்து வைக்கிறாள் என்று கண்டுபிடித்து வந்து சொல்!" என்றான் அரசன்.

செங்கண்ணி போய் ஒரு காரைப்புதருக்குள் பதுங்கினாள்.

"செம்போத்தே, அங்கே முள் குத்தும். வெளியே வா" என்றாள் மாதங்கி திரும்பிக்கூடப் பார்க்காமல். "தம்பி அனுப்பினாரா?"

"ஆமாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் செங்கண்ணி.

"நல்லது. எல்லாவற்றையும் நன்றாகப் பார். ஒன்றையும் விட்டுவிடாதே!"

செங்கண்ணிக்குத் தலை சுற்றியது. ஒளிக்க எதுவும் இல்லாதவள் எதற்காக இவ்வளவு பெரிய வேலையை ஆரம்பிக்கிறாள்? அப்படியானால் ஒளித்து வைத்திருப்பது எங்கே? அன்றே கூடை முடைகிறவளைப் போல அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் காட்டெருமைகள் வந்தன. "மகாராணி, நாங்கள் நாற்பது பேர் இருக்கிறோம். வேண்டிய கற்களை எல்லாம் நாங்களே பத்து நாளில் இழுத்துப் போட்டுவிடுகிறோம்!" என்றன.

"வேண்டாம். ஒரு குலத்துக்கு ஒரு தூண்தான். அதையும் அவரவர் இருக்கும் இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும்" என்றாள் மாதங்கி.

யானை, காட்டெருமை, மான், பன்றி, குரங்கு, முயல், பறவை என்று ஏழு குலங்களுக்கும் சொல்லி அனுப்பினாள். பன்றிகள் குளம் வெட்டின. தூக்கணாங்குருவிகள் கூரைக்குப் புல் பின்னின. முயல்கள் மட்டும் அழுதுகொண்டே வந்தன.

"எங்களால் ஒரு கூழாங்கல்லைத்தான் உருட்ட முடியும். தூணுக்கு நாங்கள் எங்கே போவோம், அம்மா?"

"உங்கள் வளைக்கு மேலே கிடக்கிறதே ஒரு கல், அது போதும்."

எழுபது முயல்கள் சேர்ந்து அந்தக் கல்லை உருட்டின. காலையில் ஒரு முழம், மாலையில் ஒரு முழம். மூன்றாம் நாள் ஓர் இளம் யானை பார்த்துப் பரிதாபப்பட்டு, துதிக்கையை நீட்டியது.

"தொடாதே!" என்று பிளிறினாள் மாதங்கி. "அது முயல்களின் தூண்!"

பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஒரு யானை தூக்கியிருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும். செங்கண்ணியால் பொறுக்க முடியவில்லை. மாதங்கியின் காலடியில் போய் நின்றாள்.

"அம்மா, இது என்ன கொடுமை? பாவம், அவர்கள் பாதமெல்லாம் தேய்ந்துபோயிற்று! ஏன் உதவ விடவில்லை?"

"நாளைக்கு வந்து அவர்களைப் பார்" என்றாள் மாதங்கி.

மறுநாள் செங்கண்ணி வந்து பார்த்தாள். முயல்களின் கல் குட்டையானது. அதனால் உயரமாக மேடை போட்டு, அதன்மேல் கல்லை நிறுத்தியிருந்தார்கள். எழுபது முயல்களும் மேடையைச் சுற்றி நின்றுகொண்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் நிறுத்தி, "எங்கள் தூண்! எங்கள் தூண்!" என்று காட்டிக்கொண்டிருந்தன. ஒரு காட்டெருமை அதில் முதுகைத் தேய்க்கப் போனது. முயல்கள் அதன் மூக்கின்மேல் பாய்ந்துவிட்டன! முயல் காட்டெருமையை அடித்ததை வனம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

செங்கண்ணி மலைப்பாறைக்குப் போய் அரசனிடம் சொன்னாள். "ஏழு தூண், ஏழு வாசல், நடுவில் அம்மன், பக்கத்தில் குளம். ஆயுதம் இல்லை. புதையல் இல்லை. கல்லுக்கு அடியிலும் பார்த்துவிட்டேன்."

"என்னைப் பற்றி ஏதாவது பேசுகிறாளா?"

"தினமும் உங்கள் ஆரோக்கியத்துக்காக அம்மனுக்குப் பூப் போடுகிறார்."

"பார்த்தாயா! சாமி பக்தி. வேறொன்றும் இல்லை!" கூர்க்கொம்பன் நிம்மதியாகக் கரும்பு தின்னத் தொடங்கினான்.

ஆனால் செங்கண்ணிக்கு நிம்மதி வரவில்லை. ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

மண்டபம் திறக்கும் நாளும் வந்தது. குளம் நிரம்பியிருந்தது. அம்மனுக்கு முதல் குடம் தண்ணீரை யார் ஊற்றுவது என்று ரகளை ஆரம்பித்தது.

"குளம் வெட்டியது நாங்கள்!" என்றார் பன்றிக் கிழவர் மண்ணுருட்டி. அவருக்கு ஒரு பல் உடைந்து போயிருந்தது. பேசும்போது காற்று வரும். ஆனாலும் குரல் பெரிது.

"பெரிய தூண் எங்களுடையது!" என்றன காட்டெருமைகள்.

"நாங்கள் பன்னிரண்டு நாள் உருட்டினோம்!" என்று கீச்சிட்டன முயல்கள்.

பழைய காலமாக இருந்தால் இந்த வழக்கு அரசனிடம் போயிருக்கும். ஆனால் மலைப்பாறை தூரம். மாதங்கியோ எதிரிலேயே நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொருவரையும் உச்சிவெயில் வரை பேசவிட்டுக் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"ஏழு நாள், ஏழு குலம். ஒரு நாளைக்கு ஒரு குலத்தின் முறை. முறைக்காரர் வாசல் பெருக்கி, அம்மனுக்கு நீர் ஊற்றி, முதல் வாய் தண்ணீரைக் குடிக்க வேண்டும். அன்று அவர்களுக்கு முன்னால் யானையும் குளத்தில் கால் வைக்கக் கூடாது. நானும்தான்."

கேட்டதும் முயல்கள் குதிக்க ஆரம்பித்தன.

கூட்டம் கலையும்போது மாதங்கி செங்கண்ணியைப் பார்த்தாள்.

"பொழுது விடிந்ததும் ஊப் ஊப் என்று கூவுகிறாயே, அதை இனி இங்கே வந்து கூவு. உன் குரல் கேட்ட பிறகுதான் வாசல்களைத் திறப்போம்."

"நானா? நான் அரசரின் ஆள் ஆயிற்றே!"

"அதனால் என்ன? குரல் உன்னுடையதுதானே!"

முதல் வாரம் செங்கண்ணி, வேவு பார்க்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒருநாள் நல்ல மழை. அரசன் அவளை எங்கேயும் அனுப்பவில்லை. ஆனாலும் நனைந்துகொண்டே போய்க் கூவிவிட்டு வந்தாள். திரும்பி வரும் வழியில்தான் சட்டென்று நின்றாள். "இன்றைக்கு நான் யாருக்காகப் போனேன்? போகாவிட்டால் அத்தனை பேரும் வாசலில் காத்துக்கொண்டு நிற்பார்களே என்றல்லவா ஓடினேன்! அட, இந்த அம்மாள் என்னையும் கட்டிப்போட்டுவிட்டாளே!"

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்தது ஆச்சரியம்தான். முயல்களுக்கு ஒரு தூண், பன்றிகளுக்கு ஒரு குளம், தனக்கு ஒரு கூவல். மாதங்கி யாருக்கும் எதையும் இனாமாகக் கொடுக்கவில்லை. ஆளுக்கொரு வேலையைக் கொடுத்திருந்தாள். வேலை வாங்கியவர்களோ, பரிசு வாங்கியவர்களைப் போல நடந்துகொண்டார்கள்.

மலைப்பாறையில் சபை கூடுவது குறைந்துகொண்டே வந்தது. முன்பு நூறு பேர் வருவார்கள். பிறகு இருபது பேர். பிறகு இரண்டு கிழட்டுக் குரங்குகள். அவையும் பாறையில் வெயில் காய வந்தவை.

"என் ஆட்சியில் வழக்கே இல்லை! பார்த்தாயா செங்கண்ணி?" என்றான் கூர்க்கொம்பன்.

வழக்குகள் இருந்தன. அவை மண்டபத்தில் தீர்ந்துகொண்டிருந்தன. முறைக்கு வருகிறவர்கள் அப்படியே தங்கள் தகராறையும் கொண்டுவந்தார்கள். செங்கண்ணி அதைச் சொல்ல வாயெடுத்தாள். அரசன் அதற்குள் அடுத்த கரும்பை ஒடிக்கத் தொடங்கிவிட்டான்.

ஒருநாள் தன் பிறந்தநாளுக்கு மூங்கில் குருத்து கொண்டுவரச் சொல்லிக் காட்டெருமைகளுக்கு ஆள் அனுப்பினான். "இன்றைக்கு மண்டபத்தில் எங்கள் முறை. நாளைக்கு வருகிறோம்" என்று பதில் வந்தது.

அன்றுதான் கூர்க்கொம்பனுக்கு விளங்கியது. காதுகள் விடைத்தன. மூங்கில் தோப்பை மிதித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தான். செங்கண்ணி கூட்டில் மூன்று முட்டைகளையும் சிறகால் அணைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, நல்ல வெயிலில், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். செந்நாய்க் கூட்டத்தின் தலைவன் கருவாலன். மூங்கிலடியில் நின்று இருவரும் பேசினார்கள். மேலே கூட்டில் செங்கண்ணி இருப்பது கூர்க்கொம்பனுக்கு நினைவே இல்லை.

"தெற்குப் பள்ளத்தை உங்களுக்குத் தருகிறேன்" என்றான் அரசன்.

"மான்கள் குட்டி போடும் இடமா?"

"அதேதான். பதிலுக்கு, நான் காட்டுகிறவர்களை நீங்கள் துரத்த வேண்டும். முதல் வேலை அந்த மண்டபம். கூட்டத்தை நீங்கள் கலைத்துவிடுங்கள். தூண்களை என் யானைகள் சாய்க்கும்."

"கூட்டம் என்றால்?"

"மானும் முயலும்! உங்கள் வாடை பட்டாலே திசைக்கொன்றாக ஓடுவார்கள்."

கருவாலன் நாக்கைச் சப்புக்கொட்டினான். "ஓடுகிறவர்களைப் பிடிப்பதுதான் எங்கள் தொழில். நாளை உச்சிவெயிலுக்கு வருகிறோம்!"

அவர்கள் போன பிறகு செங்கண்ணி யோசித்தாள். இதுவரை வனத்தில் நடந்ததை அரசனிடம் சொல்லியிருக்கிறாள். அரசனிடம் நடந்ததை வனத்துக்குச் சொன்னதில்லை. சொன்னால் இந்த மூங்கில் தோப்பு போய்விடும். கூடு போய்விடும். நாளை காலை பாம்பு வந்து கேட்டால் யானைகள் நகர்ந்து வழிவிடும். முட்டைகள் இன்னும் எட்டு நாளில் பொரிந்துவிடும். எட்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்!

மறுநாள் விடியும்போது அவள் மண்டபத்துக்குப் போனாள். அன்று மான்களின் முறை. மான் கூட்டத் தலைவி மருளி, வேப்பிலைக் கொத்தை வாயில் கவ்விக்கொண்டு வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் வயிறு பாரமாகத் தொங்கியது. குட்டி போடும் மாதம்.

செங்கண்ணி கூவவில்லை.

"என்னடி, தொண்டை கட்டிவிட்டதா?" என்றாள் மருளி.

"அக்கா, எல்லோரையும் உள்ளே கூப்பிடு. ஒரு சேதி இருக்கிறது" என்றாள் செங்கண்ணி.

பொழுது ஏறுவதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள், வழக்கமாக வருகிறவர்கள்தானே! வனம் முழுக்க அலைந்து ஒவ்வொருவரிடமாகச் சொல்லியிருந்தால் மூன்று நாள் ஆகியிருக்கும். செங்கண்ணி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்.

ஒரு குரங்கு உடனே மூங்கில் தோப்புக்கு ஓடி அவளுடைய கூட்டைத் தூக்கி வந்தது. மூன்றில் ஒரு முட்டை வழியில் உடைந்துபோயிற்று. செங்கண்ணி மற்ற இரண்டையும் சிறகால் அணைத்துக்கொண்டாள்.

மண்டபத்துக்குள் ஒரே கூச்சல்.

"வடக்கு மலைக்கு ஓடிவிடலாம்!" என்றது ஒரு கலைமான்.

"ஆற்றைத் தாண்டிவிடலாம்!" என்றது ஒரு காட்டெருமை.

அப்போது ஒரு முயல் கேட்டது. "ஓடலாம். தூணை எப்படி எடுத்துக்கொண்டு ஓடுவது?"

கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. செங்கண்ணி மாதங்கியைப் பார்த்தாள். மாதங்கி இப்போதுதான் வாய் திறந்தாள்.

"இன்றைக்கு யார் முறை?"

"எங்கள் முறை, அம்மா" என்றாள் மருளி.

"வாசல் பாதிதான் பெருக்கியிருக்கிறது. முடித்துவிடு."

மருளி பெருக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் அவரவர் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள்.

உச்சிவெயிலில் கூர்க்கொம்பன் வந்தான். பின்னால் ஆறு யானைகள். அதற்கும் பின்னால் முப்பது செந்நாய்கள்.

ஏழு வாசலிலும் ஏழு குலம் நின்றது. எருமைகள் கொம்பைத் தாழ்த்தி நின்றன. பன்றிகள் மண்ணைக் கிளறின. முயல்கள் நடுங்கின, ஆனால் மேடையை விட்டு இறங்கவில்லை. மான்களும் ஓடவில்லை. ஓடாமல் நிற்கும் மானைக் கருவாலன் தன் ஆயுளில் கண்டதில்லை.

"இடியுங்கள்!" என்று கத்தினான் கூர்க்கொம்பன்.

ஆறு யானைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவற்றில் மூத்தது சொன்னது: "ராஜா, அந்த வடக்குத் தூண் நான் இழுத்து வந்தது. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. அதை நானே எப்படித் தள்ளுவது?"

"அப்படியானால் நீங்கள் பாயுங்கள், கருவாலா!"

கருவாலன் ஏழு வாசல்களையும் மெல்ல எண்ணினான். பிறகு தன் கூட்டத்தை எண்ணினான்.

"அரசே, திசைக்கொன்றாக ஓடுவார்கள் என்று சொன்னீர்கள். அதை நம்பித்தான் வந்தோம். இவர்கள் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இது எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை" என்றான். வாலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பினான். முப்பது செந்நாய்களும் அவன் பின்னால் மலையேறிப் போய்விட்டன.

கூர்க்கொம்பன் வெயிலில் தனியாக நின்றான். யாரும் அவனை அடிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. இப்போது என்ன செய்வது என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்கச் செங்கண்ணிக்குப் பாவமாகக்கூட இருந்தது.

மாதங்கி வாசலுக்கு வந்தாள். "வெயில் கடுமையாக இருக்கிறது, தம்பி. உள்ளே வந்து தண்ணீர் குடியுங்கள்" என்றாள். பிறகு பக்கத்தில் திரும்பினாள். "மருளி, இன்றைக்கு உங்கள் முறை. தம்பி குடிக்கலாமா?"

மருளி அரசனை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்கள் குடித்தாயிற்று, அம்மா. குடிக்கட்டும்" என்றாள்.

அரசன் உள்ளே வந்தான். குனிந்து குடித்தான்.

அன்றிலிருந்து சபை மண்டபத்தில் கூடியது. பட்டம் கூர்க்கொம்பனிடம்தான் இருந்தது. உத்தரவுகளை அவன்தான் உரக்கச் சொன்னான். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டான். தெற்குப் பள்ளத்தில் மான்குட்டிகள் பிறந்தன.

ஒருநாள் பகலில் மாதங்கி குளக்கரையில் தனியாக நின்றிருந்தாள். செங்கண்ணி நடந்து நடந்து பக்கத்தில் வந்தாள். பின்னால் இரண்டு குஞ்சுகள் தடுமாறிக்கொண்டு வந்தன.

"அம்மா, ஒன்று கேட்காவிட்டால் என் மண்டை வெடித்துவிடும்! இதை நீங்கள் யாருக்காகக் கட்டினீர்கள்? அம்மனுக்காகவா? எங்களுக்காகவா? இல்லை, சபையில் உங்கள் இடத்தைத் திரும்பப் பிடிக்கவா?"

மாதங்கி துதிக்கையில் தண்ணீரை எடுத்து முதுகில் ஊற்றிக்கொண்டாள்.

"அம்மனுக்குப் பூசை நடக்கிறதா?"

"நடக்கிறது."

"உங்கள் தாகம் தீர்கிறதா?"

"தீர்கிறது."

"சபையில் என் சொல் எடுபடுகிறதா?"

"எடுபடாமல் என்ன!"

"மூன்றில் எது பொய் என்று நீயே கண்டுபிடித்துச் சொல். நன்றாகப் பார்க்கிற கண் உனக்கு இருக்கிறது!"

செங்கண்ணி அன்று முழுவதும் யோசித்தாள். மூன்றையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். எதையும் தள்ள முடியவில்லை. கடைசியில் குஞ்சுகளுக்குப் பசி வந்துவிட்டது. புழு தேடப் போய்விட்டாள்.

பயமுறுத்தி ஆள நினைப்பவரின் கட்டளை தூரத்திலேயே தேய்ந்துவிடும். எல்லோரும் "இது எங்களுடையது" என்று சொல்லும்படி ஒரு நல்ல காரியத்தைக் கட்டி எழுப்பியவருக்கு, சிம்மாசனம் இல்லாவிட்டாலும் அதிகாரம் தானே வந்து சேரும்.